வங்கியில் என்ன ஓட்டம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் பொருளாதாரக் கட்டுரையில், “2007 செப்டம்பரில் பிரிட்டனின் நார்தர்ன் ராக் வங்கியில் ஓட்டம் ஏற்பட்டது” என்று ஒரு வரி. ஓடியது யார், ஜெயித்தது யார் என்று கட்டுரை முழுக்கத் தேடிப் பார்த்தேன். தகவல் இல்லை.

அன்று அந்த வங்கியின் கிளைகளில் யாரும் ஓடவில்லை. வாசலில் வரிசையில் நின்றார்கள். வாங்கிய பணத்தில் பெரும்பகுதியை வங்கி கடனாகக் கொடுத்திருக்கும், கையிருப்பு கொஞ்சம்தான். போட்டவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் திருப்பிக் கேட்டால் வங்கி தள்ளாடும். ஆங்கிலத்தில் ஓட்டத்துக்கும் இதற்கும் ‘ரன்’தான் பெயர். “பணத்தை எடுக்க மக்கள் முண்டியடித்தார்கள்” என்றால் முடிந்தது.

இது முதல் தடவையாக இருந்தால் எழுதியிருக்க மாட்டேன். மருத்துவப் பக்கத்தில் குழந்தைக்கு “மூக்கு ஓடியது”. நூல் மதிப்புரையில் புத்தகம் முதல் அச்சில் 2,000 பிரதி என்பது “முதல் ஓட்டம் 2,000”. ஒத்திகை “உலர்ந்த ஓட்டம்” ஆனது. தேர்தல் செய்தியில் வேட்பாளர் “அதிபர் பதவிக்கு ஓடினார்”. பாவம், மூச்சு வாங்கியிருக்கும்.

ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதிக்காரர்கள் ‘ரன்’ என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள் பிரித்திருக்கிறார்கள். உங்கள் மொழிபெயர்ப்பாளருக்கு ஒன்றே போதும். 645-ஐயும் மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. பிரதி திருத்துகிற எவருக்கும் தெரிந்த வழிதான்: அந்தச் சொல்லை விட்டுவிட்டு அதற்கு முன்னும் பின்னும் இருப்பதைப் பார்க்க வேண்டும். பின்னால் கடையோ கட்சியோ வந்தால் நடத்துவது. ‘ஃபார்’ வந்து பதவி வந்தால் போட்டியிடுவது. அதே ‘ஃபார்’ வந்து பேருந்து வந்தால் நிஜமாகவே ஓடுவது. ‘அவுட் ஆஃப்’ என்றால் தீர்ந்துபோவது. ‘இன்டூ’வுக்குப் பின் நண்பர் வந்தால் எதிர்ப்பட்டார், கோடி வந்தால் செலவு கோடியைத் தொட்டது. எழுவாய் சாயமாக இருந்தால் ஊறும், மூக்காக இருந்தால் ஒழுகும்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், நம் ‘ஓடு’வும் லேசுப்பட்டதில்லை. படம் நூறு நாள் ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, ஆறும் ஓடுகிறது. இங்கெல்லாம் இரண்டு மொழியும் ஒத்துப்போவதால் மொழிபெயர்ப்பவருக்குத் தைரியம் வந்துவிடுகிறது. ஆனால் நமக்குப் பொழுது ஓடவில்லை, வேலை ஓடவில்லை என்னும்போது ஆங்கிலத்தில் ‘ரன்’ வராது. இது தெரிந்தவர் வங்கியின் ‘ஓட்டத்தை’யும் சந்தேகப்பட்டிருப்பார். வண்டியையோ தேரையோ முதன்முதலாக ஓட்டிப் பார்ப்பதற்கு ‘வெள்ளோட்டம்’ என்று சொல் வைத்திருக்கிறோம். ஓட்டம் சரியாகப் பொருந்துகிற அந்த இடத்தில் மட்டும் உங்கள் இதழ் “டிரையல் ரன்” என்று அச்சிடுகிறது!

தங்களுக்குத் தெரியாததில்லை. பக்கம் முடிக்கிற அவசரத்தில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். மற்றவை போகட்டும், நார்தர்ன் ராக் வரிக்கு மட்டும் அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். இடம் மிஞ்சினால் அந்தக் குழந்தையின் மூக்கையும் ஒழுக விடுங்கள்.

இப்படிக்கு,
பிரதி திருத்தும் வாசகர் ஒருவர்