சம்பந்தியின் நாக்குக்கு எட்டாத உப்பு

ராயபுரம்

அன்பு மகளுக்கு,

குழம்பில் உப்பே இல்லை என்று சம்பந்தி தட்டைத் தள்ளிவிடுவதாக எழுதியிருந்தாய். உன் கைப்பக்குவத்திலும் குறையில்லை, அவர் பிடிவாதமும் இல்லை. சிறுநீரகம் வேலை செய்யாமல் மெஷினில் ரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸில் இருக்கும் பலருக்கு நாக்கில் உப்பு உறைக்காது. நமக்குக் கரிப்பது அவருக்குச் சப்பென்று இருக்கும். பாவம் கேட்கிறாரே என்று ஒரு சிட்டிகைகூடக் கூட்டிவிடாதே. 9 கிராம் உப்பு ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீரை உடம்பில் பிடித்து வைக்கும். எடை ஏறும், மூச்சு வாங்கும். அத்தனை நீரையும் டயாலிசிஸ் மெஷின் நாலு மணி நேரத்தில் இழுக்கும்போது பிரஷர் இறங்கும், கெண்டைக்கால் சதை இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

நாக்கில் உப்பு தெரியாததற்குத் துத்தநாகக் குறைவும் ஒரு காரணம். டாக்டர்கள் சிங்க் என்பார்கள். நாக்கின் சுவை மொட்டுகளில் உள்ள செல்கள் சுமார் 10 நாளுக்கொரு முறை உதிர்ந்து புதிதாக வளரும். அதற்கு சிங்க் வேண்டும். பசி மந்தமாகி அவர் கறி, முட்டையைக் குறைத்திருப்பார். சாப்பாட்டிலுள்ள பாஸ்பரஸ் ரத்தத்தில் ஏறாமலிருக்கச் சாப்பாட்டோடு போடும் கால்சியம் மாத்திரையும் சிங்கை உடம்பில் சரியாகச் சேரவிடாது.

அடுத்த ரத்தப் பரிசோதனையில் சிங்கையும் சேர்க்கச் சொல். காலையில் வெறும் வயிற்றில், டயாலிசிஸ் தொடங்கும் முன் எடுக்க வேண்டும். ரத்தம் பிடிக்க, இதற்கென்றே இருக்கும் டிரேஸ் எலிமெண்ட் டியூப் கேள். சாதாரண டியூபின் ரப்பர் மூடியிலிருந்தே சிங்க் கலந்து அளவு கூடிவிடும். பொதுவாக டெசிலிட்டருக்கு 70 முதல் 120 மைக்ரோகிராம் சரியான அளவு. ரத்தத்திலுள்ள ஆல்புமின் என்ற புரதத்தையும் கூடவே பார்க்க வேண்டும். ரத்தத்தில் சிங்க் பெரும்பாலும் ஆல்புமினோடு ஒட்டித்தான் ஓடுகிறது. ஆல்புமின் இறங்கினால் சிங்கும் இறங்கும்.

மருந்துக் கடையில் நீயாக மாத்திரை வாங்காதே. 220 மில்லிகிராம் சிங்க் சல்பேட்டில் சிங்க் 50 மில்லிகிராம்தான். அட்டையில் எது எழுதியிருக்கிறது என்று பார். மாதக்கணக்கில் அதிகமாகப் போட்டால் உடம்பில் தாமிரம் குறைந்து ரத்தசோகை வரும். ரத்தம் ஊறுவதற்கான ஊசி போட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லையே என்று எல்லோரும் குழம்புவார்கள். கால்சியம், இரும்பு மாத்திரைகளிலிருந்து இரண்டு மணி நேரமாவது தள்ளிப் போட வேண்டும். வெறும் வயிற்றில் குமட்டும். படுக்கும் முன் இரண்டு இட்லியோடு கொடுத்தால் தாங்கும். பலன் தெரிய வாரக்கணக்காகும், சிலருக்குத் தெரியாமலும் போகும். சுவை தெரியாததற்கு வேறு காரணமும் இருக்கலாம்; நாக்கில் வெள்ளைப் படலம் இருக்கிறதா, டயாலிசிஸ் போதுமான அளவு நடக்கிறதா என்பதையும் டாக்டரிடம் கேள்.

காசிமேட்டு மீனில் சிங்க் அவ்வளவு இல்லை. நண்டிலும் ஆட்டுக்கறியிலும்தான் அதிகம்; எவ்வளவு கொடுக்கலாம் என்று டயட்டீஷியனிடம் கேட்டுக்கொள். கருவாடு மட்டும் வேண்டவே வேண்டாம், ஊறவைத்துக் கழுவினாலும் உப்பு முழுதாகப் போகாது. அவர் பங்கை உப்பில்லாமல் எடுத்து வைத்து, நாள் முழுவதற்கும் அரை டீஸ்பூன் உப்பைத் தனியாக அளந்துகொள். சாப்பிடும்போது மேலே தூவு. கலந்து சமைப்பதைவிட நாக்குக்கு நன்றாகத் தெரியும். மிளகு, பூண்டு, சீரகம் தாராளமாகப் போடு.

ஒன்றை மறந்துவிடாதே. சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கிறது. டயாலிசிஸில் இருப்பவருக்கு அது ரத்தத்தில் ஏறினால் இதயத்தையே நிறுத்திவிடக்கூடும். வீட்டில் இருந்தால் இன்றைக்கே எடுத்துப் போட்டுவிடு.

ரிப்போர்ட் வந்ததும் போட்டோ எடுத்து அனுப்பு.

அப்பா