பிடித்ததைத்தானே கேட்டீர்கள்?

நம் வாசகர் வட்டத்தின் தலைவர், செயலாளர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஆண்டு நிறைவுக் கூட்டத்துக்கான சுற்றறிக்கை சென்ற வாரம் எனக்கும் வந்து சேர்ந்தது. உறுப்பினர் ஒவ்வொருவரும் தமக்கு மிகவும் பிடித்த ஒரு நாவலையும் ஒரு திரைப்படத்தையும் பற்றிப் பத்து நிமிடம் பேசலாம் என்ற முதல் பத்தியைப் படித்து மகிழ்ந்தேன். துப்பறியும் கதைகள், பேய்க் கதைகள், அறிவியல் புனைகதைகள், மாத நாவல்கள், இவ்வகைத் திரைப்படங்கள் ஆகியவற்றைத் தவிர்க்கவும் என்று அடியில் சிறிய எழுத்தில் இருந்த குறிப்புக்கு வந்தபோது, அந்த மகிழ்ச்சியில் பாதி வடிந்துவிட்டது. பதினோரு ஆண்டுகளாக இந்த வட்டத்தில் இருப்பவன், பல கூட்டங்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். செயலாளருக்குத் தனிக் கடிதமாக அனுப்பாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம், அந்தக் குறிப்பைப் பார்த்துவிட்டு யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் பின்வாங்கியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள் என்பதே. சென்ற தை மாதம் புதிதாகச் சேர்ந்த கல்லூரி மாணவி ஒருவர் காலயந்திரப் படம் ஒன்றைப் பற்றிப் பேசுவதற்கு நான்கு பக்கம் எழுதி வைத்திருந்தார். இப்போது, "எனக்குப் பேச ஒன்றும் இல்லை, ஐயா" என்கிறார்.

சுற்றறிக்கையில் நீங்கள் பயன்படுத்தியிருக்கும் சொல் 'பிடித்த' என்பது. 'சிறந்த' என்று கேட்டிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். சிறந்தவற்றைத் தேர்ந்தெடுக்கத் தகுதியுள்ளவர்கள் நம் குழுவில் இருக்கிறார்கள், அவர்கள் ஒரு பட்டியல் தந்தால் நானும் குறித்துக்கொண்டு போயிருப்பேன். பிடித்தது எது என்ற கேள்விக்கோ அவரவர்தாம் பதில் சொல்ல வேண்டும். எந்த வயதில், எந்த வீட்டில், எந்தக் காய்ச்சலில் படுத்துக்கொண்டு படித்தோம் என்பதெல்லாம் அந்தப் பதிலுக்குள் வந்துவிடும். அதைக் கேட்டுவிட்டு, இன்ன வகை மட்டும் பிடித்திருக்கக் கூடாது என்று சொல்வது, விருந்துக்கு அழைத்து இலை போட்ட பிறகு, பசி இருந்தாலும் ஊறுகாயைப் பார்க்காதே என்பதைப் போன்றது.

என் வாசிப்பு தொடங்கிய இடம் மாயவரத்தில் ஒரு வாடகை நூல் நிலையம். நாளொன்றுக்குப் பத்துப் பைசா. அங்கே இருந்தவற்றில் பாதிக்கு மேல் அச்சிட்ட புத்தகங்களே அல்ல. வாராவாரம் பத்திரிகையிலிருந்து தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்தெடுத்து, கோணி ஊசியால் தைத்து, காலண்டர் அட்டை ஒட்டிக் கட்டிய தொகுப்புகள். ஓர் அத்தியாயம் முடிந்த பக்கத்தின் பின்புறத்தில் பல்பொடி விளம்பரமோ, சம்பந்தமே இல்லாத ஒரு சிறுகதையின் நடுப்பகுதியோ இருக்கும். அப்படிக் கட்டிய ஒரு தொகுப்பை ஏழாம் வகுப்பு அரையாண்டு விடுமுறையில் எடுத்து வந்தேன். ஊட்டியில் ஒரு பங்களா, உள்ளே தாழிட்ட அறையில் ஒரு பிணம், பச்சை நிற ஓவர்கோட் அணிந்த ஒரு மனிதர். இரவு பதினொரு மணிக்கு, அப்பாவின் அதட்டலையும் மீறிப் படித்துக்கொண்டே போனால், துப்பறிபவர் எல்லோரையும் கூடத்தில் கூட்டிவைத்துக் கையை நீட்டும் இடத்தில் தொகுப்பு முடிந்துவிட்டது. கடைசி அத்தியாயத்தை எவரோ கிழித்துக்கொண்டு போயிருந்தார். முதல் பக்கமும் இல்லாததால் கதையின் பெயரும் தெரியாது, எழுதியவர் பெயரும் தெரியாது. மறுநாள் நூல் நிலையக்காரரிடம் முறையிட்டபோது, "முக்கால் கதைக்கு ஏழரைப் பைசா போதும், தம்பி" என்றார். அந்தக் கையின் திசையில் நின்றவர் யார் என்று நான் இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். என்னை வாசகனாக்கியது அந்த ஏழரைப் பைசாதான்.

இப்போது, நீங்கள் கேட்டபடியே, எனக்குப் பிடித்தவற்றைச் சொல்கிறேன். திரைப்படத்தில் முதலிடம் 1954-இல் ஏவி.எம். நிறுவனம் தயாரித்த 'அந்த நாள்' படத்துக்கு. இயக்கியவர் பின்னாளில் வீணை மேதையாக உலகம் அறிந்த எஸ். பாலசந்தர். பாட்டே இல்லாமல் தமிழில் வந்த முதல் படத்தை எடுத்தவர் ஒரு சங்கீதக்காரர் என்பதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்குச் சிரிப்பும் வியப்பும் சேர்ந்தே வரும். 1943 அக்டோபரில் சென்னை மீது ஜப்பானிய விமானம் குண்டு வீசிய மறுநாள் கதை தொடங்குகிறது. சிவாஜி கணேசன் ஏற்ற ராஜன் என்ற வானொலிப் பொறியாளர் படம் தொடங்கிய சற்று நேரத்திலேயே சுடப்பட்டுச் சாய்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் காவல் நிலையத்துக்கு ஓடுகிறார். கதாநாயகனைப் பிணமாகக் கிடத்திவிட்டு, அவரோடு பழகியவர்கள் ஒவ்வொருவர் வாயிலிருந்தும் அவரை வேறுவேறு மனிதராக எழுப்பிக் காட்டுகிறது திரைக்கதை. சாட்சி சொல்பவர் மாற மாற, கொலையாளியும் மாறுகிறார், கொலையுண்டவரும் மாறுகிறார். திரைக்கதை எழுதிய ஜாவர் சீதாராமன்தான் துப்பறியும் அதிகாரியாகவும் வருகிறார்; நம்மை எங்கே ஏமாற்ற வேண்டும் என்று தெரிந்தவரே நம்மோடு சேர்ந்து உண்மையைத் தேடுவதுபோல் நடிக்கிறார்! நாட்டுப்பற்றும் குடும்பப் பற்றும் மோதும் ஒரு கேள்வியை எழுபது ஆண்டுகளுக்கு முன்பு அவ்வளவு இரக்கமின்றிக் கேட்ட வேறொரு தமிழ்ப் படத்தை நான் பார்த்ததில்லை. கொலை செய்தவர் யார் என்று மட்டும் சொல்ல மாட்டேன். குழுவில் இன்னும் பார்க்காதவர்கள் இருக்கக்கூடும்.

உங்கள் விதிப்படி இந்தப் படத்தைப் பற்றி நான் பேசக் கூடாது. சரி, நம் கூட்ட அறையின் சுவரில் புதுமைப்பித்தன் படம் மாட்டியிருக்கிறோமே, அவர் எழுதிய 'காஞ்சனை' பேய்க்கதையா, இல்லையா? ஓர் எழுத்தாளரின் வீட்டுக்குப் பிச்சை கேட்டு வந்து வேலைக்குச் சேரும் பெண் யார், அந்த இரவில் வீசிய நாற்றம் எங்கிருந்து வந்தது, எல்லாம் பிரமையா என்று எதையும் கடைசிவரை உறுதிப்படுத்தாமல் விடுகிற கதை அது. கதை கேட்டுவிட்டுத் தனியே கொல்லைப்பக்கம் போக அஞ்சும் அந்தப் பழைய அச்சத்தை அவர் கைவிடவில்லை. அதையே கருவியாக எடுத்துக்கொண்டார். இலக்கியம் என்று நாம் ஏற்றுக்கொண்ட பிறகு பேய்க்கதையைப் பேய்க்கதை என்று அழைப்பதை நிறுத்திவிடுகிறோம், அப்புறம் பேய்க்கதைகளில் இலக்கியமே இல்லை என்கிறோம். இந்தக் கணக்கில் எங்கோ பிழை இருக்கிறது.

நாவல் என்று கேட்டால் சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்'. குமுதத்தில் தொடராக வந்தபோது பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிப் படித்தேன். வழக்கறிஞர் கணேஷும் அவருடைய ஜூனியர் வசந்தும் கண்ணெதிரே கண்டதைப் பேய் என்று ஒப்புக்கொள்வதா, அறிவியலால் விளக்குவதா என்று திணறும் கதை. பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த ஒருவர் எழுதியது என்பதால் விடை எந்தப் பக்கம் சாயும் என்று ஊகித்துக்கொண்டேதான் படித்தேன். ஊகித்தும், ஒவ்வொரு வாரமும் இரவில் விளக்கை அணைக்க மனம் வரவில்லை. நம்பிக்கைக்கும் ஆராய்ச்சிக்கும் நடக்கும் வழக்கில் இரு தரப்புக்கும் நல்ல வாதங்களைக் கொடுத்தார் என்பதுதான் அந்த நாவலில் எனக்குப் பிடித்தது. (வசந்த் பல கதைகளில் சொல்லத் தொடங்கி, எதிலும் முடிக்காமல் போன மெக்ஸிகோ சலவைக்காரி ஜோக்கையும் இங்கே நினைவுகூர வேண்டும். கடைசி அத்தியாயம் கிடைக்காதவன் என்ற முறையில் எனக்கு அதில் தனிப்பட்ட வருத்தம் உண்டு.)

இன்னும் இருக்கிறார்கள். ஆனந்த விகடனில் தேவன் எழுதிய துப்பறியும் சாம்புவை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரெல்லாம் அசடு என்று சொல்லும் வங்கிக் குமாஸ்தா தடுக்கி விழுந்தாலும் அது திருடன் மேல்தான் விழும். துப்பறியும் கதை தமிழில் வேரூன்றி ஒரு தலைமுறை ஆவதற்குள் அதைக் கேலி செய்யும் கதையும் இங்கே எழுதப்பட்டுவிட்டது என்பது சாதாரணச் செய்தியா? வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவலிலிருந்து 1950-இல் வந்த 'திகம்பர சாமியார்' படத்தில், வில்லனாகவே நாம் அறிந்த எம்.என். நம்பியார் மாறுவேடத்துக்கு மேல் மாறுவேடம் போட்டு வரும் கதாநாயகன். 1990-களின் இறுதியில் இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய 'விடாது கருப்பு' சன் தொலைக்காட்சியில் ஓடியபோது, காவல் தெய்வத்தின் குதிரைச் சத்தம் கேட்டு எங்கள் தெருவில் நாய்கூடக் குரைக்கவில்லை என்று என் அம்மா சத்தியம் செய்வார். நாய் தொடர் பார்த்ததா என்று நான் கேட்டதில்லை.

அந்த மாணவி பேச நினைத்த படம் 2015-இல் ஆர். ரவிக்குமார் இயக்கிய 'இன்று நேற்று நாளை'. அவருடைய நான்கு பக்கத்தையும் நான் வாங்கிப் படித்தேன். எதிர்காலத்திலிருந்து ஒரு காலயந்திரம் இரண்டு நண்பர்கள் கையில் வந்து சேர்கிறது. ஒருவர் பிழைப்புக்குச் சோதிடம் பார்ப்பவர். உலகத்தைக் காப்பாற்றுவதையெல்லாம் விட்டுவிட்டு, தொலைந்த பொருள் எங்கே என்று கேட்டு வருகிறவர்களுக்காக இறந்த காலத்துக்குப் போய்ப் பார்த்துவந்து, சோதிடத்தில் கண்டதாகச் சொல்லிக் காசு பார்க்கிறார்கள். உலகின் எந்த மூலையிலும் காலயந்திரக் கதை எழுதலாம், அதை வைத்து ஜோசியக் கடை நடத்தும் யோசனை நம் ஊர்க்காரனுக்குத்தான் வரும் என்று அந்தப் பெண் எழுதியிருக்கிறார். ஆண்டுக்கு இரண்டு முறை நாம் வெளியூரிலிருந்து அழைத்துவரும் பேச்சாளர்களில் எத்தனை பேர் இவ்வளவு கூர்மையாக ஒரு வரி சொல்லியிருக்கிறார்கள் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

உங்கள் தரப்பில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. பேருந்து நிலையக் கடைகளில் கயிற்றில் தொங்கிய மாத நாவல்களில் பெரும்பகுதியை நான் கும்பகோணத்தில் ஏறிப் படிக்கத் தொடங்கித் தஞ்சாவூரில் இறங்குவதற்குள் முடித்து, இறங்கும்போதே மறந்தும் இருக்கிறேன். அட்டையில் இருந்த பெண்ணுக்கும் உள்ளே இருந்த கதைக்கும் ஒரு தொடர்பும் இருக்காது. அவசரத்தில் எழுதியது பக்கத்துக்குப் பக்கம் தெரியும். ஆயினும் கோவையிலிருந்து ராஜேஷ்குமார் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதினார் என்றால், அத்தனையையும் காசு கொடுத்து வாங்கிய லட்சக்கணக்கான கைகள் இருந்தன என்று பொருள். 2008-இல் சென்னையைச் சேர்ந்த பிளாஃப்ட் பதிப்பகம் இந்தக் கதைகளைத் தேர்ந்தெடுத்து ஆங்கிலத்தில் தொகுப்பாக வெளியிட்டபோது, தமிழ் தெரியாதவர்கள் அதைக் கொண்டாடிப் படித்தார்கள். அந்த ஆங்கிலத் தொகுப்பு நம் வட்டத்தின் அலமாரியில் இருக்கிறது. அதில் உள்ளவர்களின் தமிழ் மூலம் ஒன்றுகூட இல்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

இவ்வகைக் கதைகளைப் பற்றிப் பேசுவது எளிது என்ற எண்ணமும் குறிப்புக்குப் பின்னால் இருக்கலாம். ஒருமுறை முயன்று பாருங்கள். முடிவைச் சொல்லாமல், முடிவு நன்றாக இருக்கிறது என்று எதிரில் இருப்பவரை நம்பவைக்க வேண்டும். இன்ன பாத்திரத்தைக் கவனியுங்கள் என்று சொன்னாலே குட்டு உடைந்துவிடும். அந்தப் பாத்திரத்தைக் குறிப்பிடாமலே தாண்டினாலும் விவரமறிந்தவர் கண்டுபிடித்துவிடுவார். மேலே 'அந்த நாள்' பற்றி ஒரு பத்தி எழுதுவதற்குள் மூன்று வாக்கியங்களை அடித்துத் திருத்தினேன். குடும்பக் கதை ஒன்றைப் பேசும்போது இந்தச் சங்கடம் இல்லை, கதை முழுவதையும் சொல்லிவிட்டு உட்காரலாம். நம் கூட்டங்களில் பலர் அதைத்தான் செய்கிறார்கள்.

ஆகவே என் வேண்டுகோள் சிறியது. அந்தக் குறிப்பை நீக்கித் திருத்திய சுற்றறிக்கை ஒன்றை அனுப்புங்கள். அதன் இடத்தில் வேறொரு குறிப்பு தேவை என்றால், பேசுபவர் கதையின் முடிவை வெளிப்படுத்தக் கூடாது என்று போடுங்கள். மீறுபவருக்கு அன்றைய சுண்டல் கிடையாது என்றும் சேர்த்துக்கொள்ளலாம். அந்த மாணவியிடம் நான் பேசிவிட்டேன். குழுவிலிருந்து ஒருவர் அழைத்தால் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்குத் தொடக்கத்திலேயே நேரம் ஒதுக்குங்கள், நான் கடைசியில் பேசிக்கொள்கிறேன்.

உறுப்பினர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் வீட்டுப் பரணில் பழைய பைண்டு தொகுப்புகள் இருந்தால், கூட்டத்துக்கு வரும்போது எடுத்து வாருங்கள். ஊட்டி பங்களா, உள்ளே தாழிட்ட அறை, பச்சை ஓவர்கோட். துப்பறிபவர் கூடத்தில் கையை நீட்டுகிறார். அதற்கு அடுத்த பக்கம் எவரிடமாவது இருந்தால், பெயரைச் சொல்லிவிடாதீர்கள், நானே படித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வட்டத்தின் நெடுநாள் உறுப்பினன்