நாற்காலிக்குத் திரும்பிய குழல்

அன்புள்ள எம்மானுவேல் பாஹூ அவர்களுக்கு,

வணக்கம். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரப்போவதில்லை. வந்தாலும் உங்களால் வாசிக்க முடியாது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

நேற்றிரவு மறுபடியும் நீங்கள் குழலில் வாசித்த, பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸ்ஸியின் படைப்பைக் கேட்டுக்கொண்டிருந்தேன். 1894-இல் பாரிஸில் அரங்கேறிய, ஆட்டுக்கால் தேவனின் பிற்பகலைப் பற்றிய அந்தச் சிறிய படைப்பு. தம்புரா பிடித்து வளர்ந்த காதுக்கு அதன் தொடக்கம் ஒவ்வொரு முறையும் திகில்தான். சுருதி இல்லை, தாளம் இல்லை, மொத்த இசைக்குழுவும் சும்மா இருக்கிறது. குழல் மட்டும் தனியாக ஆரம்பிக்க வேண்டும். அதுவும் சி ஷார்ப் என்ற சுரத்தில்! உலோகக் குழலில் அந்தச் சுரத்துக்கு விரல்கள் கிட்டத்தட்ட எல்லாமே விலகிவிடும். குழலைத் தாங்கவே பிடிமானம் குறைவு. ஒலி மெலியும், சுருதி மேலே ஏறப் பார்க்கும். நீங்களோ அதை ஊதித் தொடங்குவதாகவே தெரியவில்லை. மூச்சு எந்தக் கணத்தில் சுரமாயிற்று என்று நானும் பல தடவை பின்னால் நகர்த்திக் கேட்டுவிட்டேன், பிடிபடவில்லை.

ரோமில் சிறுவனாக இருந்தபோது பக்கத்து வீட்டுக் குழலில் மொசார்ட்டின் ஜி மேஜர் கான்செர்ட்டோவை, அதாவது தனி வாத்தியமும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பைக் கேட்டு ஆசைப்பட்டதும், பதினைந்து வயதில் பெல்ஜியத்தின் தேசிய இசைக்குழுவோடு அதையே வாசித்ததும் எல்லோரும் சொல்லும் கதை. கோபே, ஜெனீவா குழல் போட்டிகளில் பரிசு. இருபத்திரண்டு வயதில், அபாடோ நடத்துநராக இருந்த காலத்துப் பெர்லின் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவில் முதன்மைக் குழல். அதெல்லாம் இருக்கட்டும். எனக்கு முக்கியம் 2000.

அந்த ஆண்டு நீங்கள் குழுவிலிருந்து விலகினீர்கள். ஜெனீவாவில் பாடம் எடுத்தீர்கள், தனிக் கச்சேரிகள் செய்தீர்கள். உங்களுக்கு முன் அதே குழுவில் 1969 முதல் 1975 வரை இருந்த குழல் கலைஞர் ஜேம்ஸ் கால்வே எழுந்து போனவர் திரும்பவே இல்லை. உலகப் புகழ் பெற்றார். அதைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் நீங்கள் ஒன்றரை ஆண்டில், 2002 ஏப்ரலில், பழைய நாற்காலிக்கே வந்து உட்கார்ந்துவிட்டீர்கள். எங்கள் மேடையில் இது விசித்திரம். நேற்று நடுவில் உட்கார்ந்து கச்சேரி செய்தவர் இன்று பக்கவாத்தியமாக ஓரமாய் உட்காருவாரா? நீங்கள் வாரத்துக்கு வாரம் அதைத்தான் செய்கிறீர்கள்.

அதனால்தானோ என்னவோ, தனியாக வாசிக்கும்போதும் நீங்கள் மற்றவர்களைக் கேட்டபடியே வாசிக்கிறீர்கள். சில இசைத்தட்டுகளில் அந்த அடக்கம் அதிகமாகி, கொஞ்சம் பிசிறு தட்டினால் தேவலை என்றுகூடத் தோன்றும். அமெரிக்க இசையமைப்பாளர் எலியட் கார்ட்டர் நூறு வயதை எட்டும் வேளையில் எழுதி, 2008-இல் ஜெருசலேமில் நீங்கள் அரங்கேற்றிய கான்செர்ட்டோவை மூன்று முறை கேட்டேன். எனக்குள் இறங்கவில்லை, தவறு என் காதிலாக இருக்கலாம்.

ஒரு குறை உண்டு, ஆனால் உங்கள் மேல் இல்லை. உங்கள் குழுவின் கச்சேரிப் படப்பதிவில், பிராம்ஸின் நான்காம் சிம்பொனியின் கடைசிப் பகுதியில் குழல் தனியாக ஏங்கி ஓய்ந்ததும் கேமரா உடனே கிளாரினெட்டுக்குத் தாவிவிடுகிறது. குழலை மடியில் தாழ்த்திவிட்டு, அடுத்தவர் வாசிப்பதை நீங்கள் எப்படிக் கேட்கிறீர்கள் என்று ஒரு நிமிடம் பார்க்க வேண்டும் எனக்கு. அதை மட்டும் காட்ட மாட்டேன் என்கிறார்கள்.

இப்படிக்கு,
உங்கள் ரசிகன்