பார்வையற்றோர் பள்ளி நிர்வாகிகளுக்கு: விரலைக் கேட்டு வாங்குங்கள்

பார்வையற்றோர் பள்ளிகளை நடத்தும் நிர்வாகக் குழுவினருக்கும், அந்தப் பள்ளிகளுக்குப் பொருளும் பணமும் தந்து உதவுவோருக்கும்,

வணக்கம்.

பார்வையற்ற, பார்வை குறைந்த மாணவர்களுக்குப் பாடமும் பிரெயிலும் நடமாட்டப் பயிற்சியும் சொல்லிக்கொடுப்பவர்கள் சேர்ந்து எழுதும் மடல் இது. பள்ளிக்கு எதை வாங்குவது, எதை எங்கே வைப்பது என்பதைப் பெரும்பாலும் கண் தெரிந்தவர்கள் பார்த்து முடிவு செய்கிறார்கள். பயன்படுத்துவதோ விரலும் காதும் பாதமும். இடையில் விழும் இந்தப் பள்ளத்தைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

வகுப்பறைப் பெயர்ப்பலகையிலிருந்தே தொடங்கலாம். அச்சகத்தில் சொன்னால் பளபளவென்று அடித்துத் தருவார்கள். மேலே எழுத்து, கீழே கறுப்புப் புள்ளிகளில் பிரெயில். தொட்டால் வழவழ! புள்ளி மேடாக இல்லை, வெறும் மை. புள்ளி மேடாக வந்த பலகையைத் தலைகீழாக ஒட்டிவிடுவதும் உண்டு. சரியான பலகையைக் கதவின் மேலேயே ஒட்டிவிட்டால், வாசித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளிருந்து யாராவது கதவைத் திறப்பார்கள். கதவு வாசிப்பவர் முகத்தில் வந்து மோதும். பலகை இருக்க வேண்டிய இடம் தாழ்ப்பாள் பக்கச் சுவர், தரையிலிருந்து 120 முதல் 150 செ.மீ. உயரத்துக்குள். சின்னப் பிள்ளைகளின் வகுப்பு என்றால் இன்னும் கீழே. புள்ளியின் உயரம் ஏறக்குறைய அரை மி.மீ. இருக்க வேண்டும். ஆறு புள்ளிக்கு இடமுள்ள ஒரு கட்டத்துக்குள் புள்ளிக்குப் புள்ளி சுமார் 2.5 மி.மீ., கட்டத்துக்குக் கட்டம் சுமார் 6 மி.மீ. பெரிதாக இருந்தால் வாசிக்க எளிதாக இருக்குமே என்று நினைத்துப் பெரிதாக்கிவிடாதீர்கள். ஆறு புள்ளியும் ஒரே தொடுகையில் விரல்நுனிக்குள் அடங்கினால்தான் அது எழுத்து.

இது பழைய நோய். 1780-களில் பாரிஸில் பார்வையற்றோருக்குப் பள்ளி தொடங்கிய வலான்டின் ஆயுய், வழக்கமான அச்செழுத்துகளையே மேடாக்கிப் புத்தகம் செய்தார். பார்க்க வந்தவர்களுக்கு அது அதிசயமாக இருந்தது. மாணவர்களோ ஒவ்வொரு எழுத்தின் வளைவையும் தடவித் தடவிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அதில் அவர்களால் எழுதவும் முடியவில்லை. அந்தப் பள்ளியில் படித்த லூயி பிரெயில் தன் ஆறு புள்ளி முறையை 1829-இல் வெளியிட்டார். கண் தெரிந்த ஆசிரியர்களுக்கு அது பிடிபடவில்லை. 1852-இல் அவர் இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் பிரான்சில் அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்டது.

இப்போது பிரெயிலருக்கு, அதாவது பிரெயில் தட்டச்சு இயந்திரத்துக்கு, வருவோம். நன்கொடைப் பட்டியலில் கணினி இருக்கும், ஸ்மார்ட் போர்டுகூட இருக்கும்! பழைய பெர்கின்ஸ் பிரெயிலர்களைப் பழுதுபார்க்கும் செலவு மட்டும் இருக்காது. ஆறு புள்ளிக்கு ஆறு விசை, நடுவில் இடைவெளி விசை, வரி மாற்றவும் ஒரு கட்டம் பின்னே போகவும் ஒவ்வொன்று, ஆக ஒன்பது விசை. எடை ஐந்து கிலோவுக்குச் சற்றுக் குறைவு. உறுதியான உலோகம், பல ஆண்டுகள் உழைக்கும். அதைக் கெடுப்பது பெரும்பாலும் நம் கைதான். தாள் பிடிக்கும் நெம்புகோலை விடுவிக்காமலே தாளை உருவுவது ஒன்று. எழுதும் தலையை அதற்கான பிடியை அழுத்தாமல் இழுத்துத் தள்ளுவது இன்னொன்று. எல்லாவற்றையும்விட மோசமானது, இறுகிப்போன விசைக்குக் கையில் கிடைத்த எண்ணெயை விடுவது. அன்றைக்கு விசை ஓடும். சில வாரத்தில் எண்ணெயும் தூசும் சேர்ந்து பசையாகி மொத்தமாக நிற்கும்.

முழுக்க நின்றுபோன இயந்திரத்தால் ஆபத்தில்லை. அதை யாரும் தொடமாட்டார்கள். பாதி வேலை செய்வதுதான் ஆபத்து. 5-ஆம் புள்ளி சரியாக எழும்பாத இயந்திரத்தை ஒரு பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள். கட்டத்தின் இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3; வலப்பக்கம் 4, 5, 6. ‘த’ என்பது 2, 3, 4, 5. அதில் 5 போனால் மிஞ்சுவது ‘ஸ’. ‘தம்பி’ என்று எழுதினால் ‘ஸம்பி’ என்று வரும். திருத்துபவர் எழுத்துப்பிழை என்று மதிப்பெண்ணைக் குறைப்பார். எழுதின பிள்ளைக்கோ தான் அழுத்தினது சரிதான் என்று தெரியும். ஆனாலும் அடுத்த தடவை சந்தேகத்தோடு அழுத்தும்.

வாரத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு இயந்திரத்திலும் ஆறு புள்ளியும் நிறைந்த கட்டத்தை ஒரு வரி அடித்து, ஒரு மாணவரை விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு புள்ளி தாழ்ந்திருந்தால் விரல் உடனே சொல்லிவிடும். அந்தத் தாளில் இயந்திரத்தின் எண்ணையும் தேதியையும் எழுதிக் கோத்து வையுங்கள். பணியாளர் ஒருவரையாவது பழுதுபார்க்கும் பயிற்சிக்கு அனுப்புங்கள். மேல் உறை போட்டு மூடுவதும், இயந்திரத்தைச் சின்னப் பிள்ளைகள் தூக்கி அலையாமல் மேசையிலேயே வைப்பதும் காசில்லாத வேலைகள்.

தாளிலும் இதே கதைதான். அலுவலகத்துக்கு வாங்கும் 70, 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கு) தாளில் பிரெயில் அடித்தால் புள்ளி ஓட்டையாகும், இல்லையென்றால் இரண்டு முறை தடவியதும் படுத்துவிடும். 140 முதல் 160 ஜிஎஸ்எம் வரை வேண்டும். அச்சில் ஒரு பக்கம் பிரெயிலில் ஏறத்தாழ மூன்று பக்கம் ஆகும் என்று கணக்கிட்டு வாங்குங்கள். கல்வியாண்டின் பாதியில் தாள் தீர்ந்துபோவதற்கு இந்தக் கணக்கைப் போடாததே காரணம். புத்தகத்தைப் படுக்கவைத்து அடுக்காதீர்கள், கட்டுக்கட்டாகக் கயிற்றால் இறுக்காதீர்கள். அடியில் இருக்கும் புத்தகத்தின் புள்ளி நசுங்கும், ஈரம் பட்டால் இன்னும் சீக்கிரம். புத்தகத்தை நிறுத்தி வைத்தால் போதும்.

“எல்லாம் ஒலியில் கிடைக்கும்போது பிரெயில் எதற்கு?” என்று கூட்டங்களில் கேட்கிறீர்கள். தமிழில் பதில் சொல்வது சுலபம். காதால் மட்டும் படித்து வளர்ந்த ஒரு பிள்ளையை ‘பள்ளி’, ‘பல்லி’, ‘அரை’, ‘அறை’, ‘மனம்’, ‘மணம்’ என்று எழுதச் சொல்லுங்கள். ந, ன இரண்டும் காதுக்கு ஒன்றேதான். எந்த ல, எந்த ர என்பது எழுத்தைத் தொட்டவருக்குத்தான் தங்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அச்சில் ‘கொ’ என்றால் முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால். பிரெயிலில் க, அடுத்து ஒ, இரண்டே கட்டம், சொல்லும் வரிசையிலேயே. கண் தெரிந்த பிள்ளைகள் தடுமாறும் இடத்தை எங்கள் பிள்ளைகள் சத்தமில்லாமல் தாண்டிப்போவார்கள். ஒலி வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. நீண்ட கதைக்கு ஒலி நல்லது. கணக்குக்கும் இலக்கணத்துக்கும் பிறமொழிச் சொற்களின் எழுத்துக்கூட்டலுக்கும் விரல்தான் வேண்டும்.

கணினி அறைக்கு மென்பொருள் வாங்கியே தீர வேண்டும் என்றில்லை. திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம். அங்கே தடையாக இருப்பது கோப்புகள். பக்கத்தைப் படமாக ஸ்கேன் செய்த பிடிஎஃப், திரைவாசிப்பானுக்கு வெற்றுத்தாள். யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பாடம், ஆங்கில எழுத்துகளின் உளறலாகக் கேட்கும். உங்கள் சுற்றறிக்கைகளே பாதி இப்படித்தான் வருகின்றன.

விரலால் தடவி அறியும் தொடுபடங்களில் பணம் எப்படி வீணாகிறது என்றும் சொல்லிவிடுகிறோம். பாடநூலில் இருக்கும் கனசதுரப் படத்தை அப்படியே மேடாக்கித் தருகிறார்கள். விரலுக்கு அது சாய்ந்த கோடுகளின் குவியல். பின்னால் இருக்கும் முகம் சிறிதாகத் தெரிவது கண்ணின் பழக்கம். கையில் ஒரு பெட்டியைக் கொடுங்கள், முடிந்தது. வரைபடம் என்றால் ஆறு, எல்லை, நகரம் மூன்றையும் ஒரே தாளில் திணிக்காமல் மூன்று தாளாகப் பிரியுங்கள். கோட்டுக்கும் கோட்டுக்கும் குறைந்தது 3 மி.மீ. இடைவெளி வேண்டும், அதற்கும் நெருங்கினால் இரண்டும் ஒரே கோடாகும். ஒரு படத்தில் நான்கைந்து வகைச் சொரசொரப்புக்கு மேல் போனால் எது எது என்று நினைவில் நிற்காது. விரித்து வைத்த இரு கைக்குள் படம் அடங்க வேண்டும். சுவர் அளவு உலகப்படம் வருகிறவர்களுக்குத்தான்.

தாழ்வாரத்தில் முதல் சட்டம் இது: கதவு முழுக்கத் திறந்திருக்க வேண்டும் அல்லது முழுக்க மூடியிருக்க வேண்டும். பாதி திறந்த கதவின் விளிம்பு, நீட்டிய இரு கைக்கும் நடுவில் புகுந்து நெற்றியைத் தேடி வரும். வெண்கோல் தரையைத்தான் சொல்லும், தலை உயரத்தைச் சொல்லாது. வெளிப்பக்கம் திறக்கும் சன்னல், மாடிப்படியின் அடிப்பாகம், சுவரில் மாட்டிய தீயணைப்பான், தாழ்ந்த மரக்கிளை, இவையெல்லாம் கோலுக்கு அகப்படாதவை. சுவரிலிருந்து 10 செ.மீ.க்கு மேல் துருத்தும் பொருளைத் தரைவரை இறங்கும்படி செய்யுங்கள் அல்லது எடுத்துவிடுங்கள். விடுமுறையில் மேசை நாற்காலியை மாற்றிப் போட்டால், பள்ளி திறக்கும் முதல் நாள் காலையிலேயே ஒவ்வொரு வகுப்பையும் அறையைச் சுற்றி நடத்திக் காட்ட வேண்டும். துடைக்கும் வாளியைத் தாழ்வாரத்தின் நடுவில் வைக்கக் கூடாது. இதைத் துப்புரவுப் பணியாளரிடம் அதட்டிச் சொல்வதைவிட, கண்ணைக் கட்டி ஒரு முறை நடக்கவைத்தால் போதும். நிர்வாகிகளும் நடக்கலாம்.

சத்தத்தையும் கணக்கில் எடுங்கள். கோல் நுனியின் தட்டொலி சுவரில் பட்டுத் திரும்புவதை வைத்துத்தான் திறந்த வாசல் எங்கே என்று பிள்ளைகள் கண்டுகொள்கிறார்கள். தாழ்வாரம் முழுக்கக் கம்பளம் விரித்தால் அந்த ஒலி செத்துவிடும். இடைவேளையில் ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டால் கண்ணைக் கட்டினது போலத்தான்.

அடுத்தது மிகவும் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் விஷயம். பார்வையற்றோர் பள்ளி என்று பெயர் இருந்தாலும், அங்கே படிக்கும் பலருக்குக் கொஞ்சம் பார்வை உண்டு. அந்தக் கொஞ்சம் ஆளுக்கு ஆள் மாறும். ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா என்ற விழித்திரை நோய் உள்ள பிள்ளைக்கு ஓரப் பார்வை சுருங்கி, குழாய் வழியே பார்ப்பது போல நடுவில் மட்டும் தெரியலாம். சின்ன எழுத்தைக்கூட வாசிப்பான், காலடியில் இருக்கும் வாளியில் இடறி விழுவான். இருட்டினால் இன்னும் மோசம். “வாசிக்கத் தெரியுது, வாளி தெரியலையா? நடிக்கிறான்” என்று விடுதியில் சொல்கிறார்கள். அவன் நடிக்கவில்லை. இவனுக்கு எழுத்தைப் பெரிதாக்கினால் உதவாது. குழாய்க்குள் அடங்கும் எழுத்தின் எண்ணிக்கைதான் குறையும். விழித்திரையின் நடுப்பகுதி கெட்ட பிள்ளைக்கு நேர்மாறு. மைதானத்தில் ஓடுவாள், உங்கள் முகத்தைப் பார்த்துப் பேசாமல் பக்கவாட்டில் பார்ப்பாள். அது மரியாதைக் குறைவு இல்லை. கண்ணில் மிஞ்சியிருக்கும் நல்ல பகுதியை உங்கள் பக்கம் திருப்புகிறாள், அவ்வளவுதான். அவளுக்குப் பெரிய எழுத்தும் உருப்பெருக்கியும் உதவும். அல்பினிசம், அதாவது பிறவியிலேயே நிறமிக் குறைவு, உள்ளவர்களுக்கு வெளிச்சமே எதிரி. சன்னலுக்கு முதுகு காட்டி உட்காரவையுங்கள், தொப்பிக்கும் கறுப்புக் கண்ணாடிக்கும் அனுமதி கொடுங்கள்.

ஆகவே எல்லோருக்கும் ஒரே பெரிய எழுத்துப் புத்தகம், எல்லா அறைக்கும் ஒரே பளீர் விளக்கு என்பது உதவி ஆகாது. பொதுவாகச் செய்யக்கூடியவை சில உண்டு: ஒவ்வொரு படியின் விளிம்பிலும் 5 செ.மீ. அகலத்தில் எடுப்பான நிறப்பட்டை, பளபளக்காத தரை, சுவரின் நிறத்திலிருந்து வேறுபட்ட கதவுச் சட்டம், புத்தகத்தைச் சாய்த்து வைக்கும் தாங்கி. வழவழப்பான ஓடு ஒளியை வீசியடிக்கும். அதைப் பதித்தது அழகுக்காக என்று எங்களுக்குத் தெரியும்.

விடுதியைப் பற்றிச் சுருக்கமாக. ஆளுக்கொரு அலமாரி, இடம் மாறாமல். துணியின் உள்பக்கம் அடையாளத்துக்கு ஒரு பொத்தானோ முடிச்சோ தைக்கப் பிள்ளைகளுக்கே கற்றுக்கொடுங்கள். தட்டில் எது எங்கே என்பதைக் கடிகார எண்ணில் சொல்லுங்கள். ஊட்டிவிடாதீர்கள்.

வருகையாளர்களுக்கு வாசலிலேயே இரண்டு விதி. கையைப் பிடித்து இழுக்கக் கூடாது; உங்கள் முழங்கைக்கு மேல் பிள்ளைகள் பிடித்துக்கொண்டு அரைக் காலடி பின்னால் வருவார்கள். பெயரைச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்க வேண்டும். “நான் யார்னு கண்டுபிடி பார்ப்போம்” விளையாட்டுக்கு இனி தடை. அது யாருக்கும் பிடிக்காது. சிரிப்பது உங்கள் மனம் நோகக் கூடாதே என்றுதான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அடுத்த கொள்முதல் கூட்டத்துக்கு முன் வாங்கவிருக்கும் பொருள்களின் பட்டியலைப் பிரெயிலில் ஒரு படியும் பெரிய எழுத்தில் ஒரு படியும் எடுத்து, மேல்வகுப்பு மாணவர்கள் நான்கு பேரிடம் ஒரு வாரம் முன்னதாகக் கொடுங்கள். இருவர் முழுப் பார்வையற்றவர்களாகவும், இருவர் வேறுவேறு வகையில் பார்வை குறைந்தவர்களாகவும் இருக்கட்டும். பொருளின் மாதிரி கிடைத்தால் அதையும் கொடுங்கள். அவர்கள் சொல்வதைக் கூட்டக் குறிப்பில் ஏற்றுங்கள். அவர்கள் வேண்டாம் என்று சொல்லியும் வாங்கினால், ஏன் வாங்கினீர்கள் என்பதை ஒரு வரியில் எழுதி, அந்த வரியையும் பிரெயிலில் அடித்து அவர்கள் கையில் கொடுங்கள்.

இப்படிக்கு,
பார்வையற்றோர் பள்ளிகளின் ஆசிரியர்கள், நடமாட்டப் பயிற்சியாளர்கள்