வாசகர் வட்ட ஆண்டறிக்கை: எட்டு நாவல்கள், பத்துக் கூட்டங்கள்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அறிவியல் புனைகதையும் மிகுபுனைவும் வாசிக்கிற நம் வட்டத்தின் இந்த ஆண்டு அறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். மொத்தம் பத்துக் கூட்டங்கள் நடந்தன. எட்டு நாவல்களைப் பற்றிப் பேசினோம், அதில் இரண்டுக்கு ஒரு கூட்டம் போதாமல் அடுத்த மாதமும் தொடர்ந்தோம். கணக்கு விவரத்தைப் பொருளாளர் தனியாகத் தருவார். நான் நேரே புத்தகங்களுக்கு வந்துவிடுகிறேன், ஏனென்றால் இந்த வருடம் நாம் பேசுகிற விதமே மாறிவிட்டது, அதைப் பதிவு செய்யாவிட்டால் இந்த அறிக்கைக்கு அர்த்தம் இல்லை.

போன வருடக் கடைசிக் கூட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். ஒருவர் பின் ஒருவராக "நல்லா இருந்தது", "கொஞ்சம் இழுவை", "முடிவு பிடிக்கல" என்று சொல்லிவிட்டு அரை மணி நேரத்தில் எழுந்துவிட்டோம். ஒரு மாதம் முழுக்க வாசித்த புத்தகத்துக்கு மூன்று சொல்தானா என்று தலைவர் வருத்தப்பட்டார். அன்றைக்கு அவர் சொன்ன யோசனைதான் இந்த வருடம் முழுக்க நம்மை நடத்தியது: கருத்துச் சொல்ல வருகிறவர் கையில் ஒரு பக்கத்தோடு வர வேண்டும். புத்தகம் உங்களைப் பிடித்து இழுத்த பக்கமாக இருக்கலாம், இதற்குமேல் முடியாது என்று மூடி வைத்த பக்கமாகவும் இருக்கலாம், அதை வாய்விட்டு வாசித்துக் காட்டிவிட்டு அப்புறம் பேசுங்கள் என்றார். ஒலிநூலாகக் கேட்கிறவர்கள் என்ன செய்வது என்று ஒரு கேள்வி வந்தது, சரி, அவர்கள் அந்த இடத்தை ஓடவிட்டுக் காட்டட்டும் என்று முடிவானது.

முதல் புத்தகம் ஆர்தர் சி. கிளார்க்கின் 'ராண்டேவூ வித் ராமா' (1973). சூரியக் குடும்பத்துக்குள் நுழைகிற 50 கிலோமீட்டர் நீள உருளை ஒன்று, அதற்குள் போய்ப் பார்க்கிற மனிதர்கள், அவ்வளவுதான் கதை. பாதிப் பேர் பாத்திரங்களில் உயிரே இல்லை என்றார்கள். எனக்கும் கப்பல் தலைவரின் பெயரைத் தவிர வேறு யாரும் மனதில் நிற்கவில்லை. ஆனால் பொறியியல் படிக்கும் நம் இளம் உறுப்பினர் ஒருவர் உருளை நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றுகிறது என்ற வரியைப் பிடித்துக்கொண்டார். உள்ளே ஆரம் 8 கிலோமீட்டர் என்று வைத்துத் தாளில் கணக்குப் போட்டு, அங்கே நிற்கிறவருக்குப் பூமியின் ஈர்ப்பில் பாதிக்குக் கொஞ்சம் மேலே இருக்கும் என்று காட்டினார். உருளையின் நடு அச்சில் எடையே இருக்காது, படிக்கட்டில் இறங்க இறங்க எடை கூடிக்கொண்டே போகும். அதைக் கேட்டபின் அந்தப் படிக்கட்டு அத்தியாயத்தைத் திரும்ப வாசித்தேன், முதல் தடவை வெறும் வர்ணனையாகத் தெரிந்தது இப்போது உடம்பில் உறைத்தது. இந்த நாவலில் பாத்திரம் அந்த உருளைதான் என்பது என் கருத்து. ஒத்துக்கொள்ளாதவர்கள் பலர் இருக்கிறார்கள், அதையும் சேர்த்தே பதிகிறேன்.

இரண்டாவது லியு சிஷினின் 'த்ரீ பாடி ப்ராப்ளம்'. அறிவியல் புனைகதைக்கும் மிகுபுனைவுக்கும் தரப்படும் ஹியூகோ விருதை 2015இல் பெற்றது, மொழிபெயர்ப்பு நாவல் ஒன்றுக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் முறை. இந்தக் கூட்டத்தை நான் மறக்கமாட்டேன். கணித ஆசிரியராக இருக்கும் நம் உறுப்பினர், கதைக்குள் வரும் கணினி விளையாட்டில் சின் பேரரசரின் மூன்று கோடிப் படைவீரர்கள் சேர்ந்து ஒரே கணினியாக இயங்குகிற பக்கத்தைக் கொண்டுவந்திருந்தார். வாசித்து முடித்ததும் மூன்று பேரை எழுந்து நிற்கச் சொன்னார். ஆளுக்கு ஒரு கறுப்புத் தாள், ஒரு வெள்ளைத் தாள். "நீங்க ரெண்டு பேரும் உங்க இஷ்டத்துக்குத் தூக்குங்க. மூணாவது ஆள், ரெண்டு பேரும் கறுப்பு தூக்கினா மட்டும் நீங்க கறுப்பு, இல்லாட்டி வெள்ளை" என்றார். கொஞ்ச நேரம் அது நடந்தது. அப்புறம் விதியை மாற்றி, யாராவது ஒருவர் கறுப்பு தூக்கினாலே கறுப்பு என்றார். மூன்றாவது ஆளாக நின்ற பெரியவர் கணினி பற்றி எதுவும் தெரியாதவர், ஆனால் ஒரு தவறுகூட இல்லாமல் தாளை மாற்றி மாற்றித் தூக்கினார். எல்லோரும் கைதட்டினோம்.

உட்கார்ந்ததும் அந்தப் பெரியவர் சொன்னதுதான் முக்கியம். "என்ன கணக்கு போடறோம்னு எனக்குத் தெரியவே வேண்டியதில்லை, முன்னால நிக்கிற ரெண்டு பேர் கையைப் பார்த்தா போதும்" என்றார். சொல்லிவிட்டு நாவலின் முதல் அத்தியாயத்தைத் திறந்தார். சீனக் கலாச்சாரப் புரட்சிக் காலத்தில் ஓர் இயற்பியல் பேராசிரியரை மேடையேற்றி, கூட்டம் கோஷம் போட, அடித்தே கொல்லும் காட்சி. அவருடைய மகள் கீழே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களும் பக்கத்தில் இருப்பவரின் கையைப் பார்த்துத் தங்கள் கையைத் தூக்கியவர்கள்தானே என்று கேட்டார். இரண்டு காட்சிகளையும் நான் அதுவரை சேர்த்துப் பார்த்ததே இல்லை. சீன மொழியில் புத்தகமாக வந்தபோது இந்தப் புரட்சிப் பகுதி நடுவில்தான் இருந்தது, கென் லியுவின் ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் முதலுக்கு வந்தது என்று இன்னொருவர் சொன்னார். நடுவில் இருந்திருந்தால் நமக்கு இது தட்டுப்பட்டிருக்குமா என்று கூட்டம் முடிந்தபிறகும் நின்று பேசிக்கொண்டிருந்தோம். நாயகன் வாங் மியாவ் வெறும் மரக்கட்டை என்ற எதிர்க்கருத்தும் வலுவாகவே வந்தது, அதை மறுக்க யாரிடமும் பக்கம் இல்லை.

அடுத்து அர்சுலா லெ குவினின் 'எ விசார்ட் ஆஃப் எர்த்சீ' (1968). இது சிறுவர் புத்தகம்தானே, நமக்கு எதற்கு என்று பட்டியல் போடும்போதே ஓர் ஆட்சேபம் இருந்தது. ஆட்சேபித்தவரே கூட்டத்துக்கு ஐந்து பக்கங்களில் குறிப்பெழுதிக்கொண்டு வந்தார்! அந்த உலகத்தில் ஒருவரின் உண்மைப் பெயர் தெரிந்தால் அவர்மீது அதிகாரம் வந்துவிடும், அதனால் ஊர் கூப்பிடும் பெயர் வேறு, உண்மைப் பெயர் வேறு. ஒருவர் தன் உண்மைப் பெயரை இன்னொருவரிடம் சொல்வதைவிடப் பெரிய நம்பிக்கை அங்கே கிடையாது. நண்பன் ஒருவன் தன் பெயரைச் சொல்லும் அந்தச் சின்ன இடத்தைத்தான் மூன்று பேர் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்து வந்திருந்தார்கள். அப்புறம், நாயகன் கெட் செம்பழுப்பு நிறத்தவன் என்று நாவலில் தெளிவாக இருக்கிறது. பல பதிப்புகளின் அட்டையில் அவனை வெள்ளையாகவே வரைந்தார்கள், லெ குவின் அதை வெளிப்படையாகவே கண்டித்திருக்கிறார். சின்ன வயதில் வாசித்த ஓர் உறுப்பினர், தானும் அவனை வெள்ளையாகவே கற்பனை செய்துகொண்டதாகவும் அந்த வரி தன் கண்ணிலேயே படவில்லை என்றும் சொன்னார். ஓர் அட்டைப்படத்துக்கு இவ்வளவு பலம் இருக்கிறதே என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

ஸ்டானிஸ்லாவ் லெம்மின் 'சோலாரிஸ்' (1961) முதல் அரை மணி நேரம் குழப்பத்தில் போனது. ஒரே பாத்திரத்தை ஒருவர் ஸ்னோ என்கிறார், இன்னொருவர் ஸ்னாவ்ட் என்கிறார், ஒருவருக்கு நாயகி ரேயா, இன்னொருவருக்கு ஹாரி. கடைசியில் பார்த்தால் நம் கையில் இரண்டு மொழிபெயர்ப்புகள் இருந்தன. 1970இல் வந்த ஆங்கிலப் பதிப்பு போலிஷ் மூலத்திலிருந்து நேராக வராமல் பிரெஞ்சு வழியாக வந்தது, பெயர்களும் மாறிவிட்டன. போலிஷிலிருந்து நேரடி ஆங்கில மொழிபெயர்ப்பு 2011இல்தான் வந்தது. இனிமேல் மொழிபெயர்ப்பு நாவல் எடுத்தால் எந்தப் பதிப்பு என்பதைச் சுற்றறிக்கையிலேயே குறிப்பிடுகிறேன்.

குழப்பம் தீர்ந்தபிறகு, தையல் தொழில் செய்யும் நம் உறுப்பினர் தன் பக்கத்தை வாசித்தார். இறந்துபோன மனைவி விண்வெளி நிலையத்தில் நாயகன் கெல்வின் முன்னால் வந்து நிற்கிறாள். சோலாரிஸ் என்ற கோளின் கடல், அவன் மனதிலிருந்து எடுத்து உருவாக்கிய மனைவி அவள். உடையைக் கழற்றப் பார்த்தால் திறப்பே இல்லை, பொத்தான்கள் வெறும் அலங்காரம், கத்தரிக்கோலால் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. "உடை எப்படித் தெரியும்னு அவன் மனசுல இருக்கு, எப்படித் திறக்கும்னு இல்ல. தைக்கிறவங்களுக்கு இந்தப் பொத்தான்தான் முதல்ல கண்ணுல படும்" என்றார். நான் இரண்டு தடவை வாசித்தும் அந்தப் பொத்தான்களை ஒரு விசித்திரம் என்று கடந்துபோயிருந்தேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு வேறொருவர், தன் அம்மாவின் குரல் அப்படியே காதில் இருக்கிறது, ஆனால் கை எப்படி இருக்கும் என்று நினைவுக்கு வரவில்லை என்றார். அதற்குமேல் அன்று நாவலைப் பற்றிப் பேச முடியவில்லை. அடுத்த மாதமும் சோலாரிஸ்தான் என்று அங்கேயே முடிவு செய்தோம்.

இப்போது ஒரு தவறைச் சொல்ல வேண்டும், அது என்னுடையது. என். கே. ஜெமிசினின் 'தி ஃபிஃப்த் சீசன்' (2015) கூட்டத்துக்கான சுற்றறிக்கையில், மூன்று பெண்களின் கதையையும் சேர்க்கிற முடிச்சை நானே அவிழ்த்து எழுதிவிட்டேன். பின்அட்டையில் இருக்கிற விஷயம்தான் என்று நினைத்தேன், புத்தகத்தை எடுத்துப் பார்க்கவில்லை. பாதி வாசித்துக்கொண்டிருந்த நான்கு பேருக்கு ஸ்பாய்லர் ஆகிவிட்டது. அந்த முடிச்சு தானாக அவிழும் கணம் ஒருவருக்கு ஒரே ஒரு தடவைதான் கிடைக்கும், அதை நான் எடுத்துவிட்டேன். கூட்டத்தில் மன்னிப்புக் கேட்டேன், இங்கே மறுபடியும் கேட்கிறேன். இதன்பிறகு சுற்றறிக்கையை அந்தப் புத்தகத்தை முழுக்க வாசித்த இன்னோர் உறுப்பினர் பார்த்த பிறகே அனுப்புகிறோம். கூட்டத்திலும் முதல் ஒரு மணி நேரம் நாவலின் முன்பாதி மட்டும்தான், முடிக்காதவர்கள் எழுந்து போன பிறகே மீதி.

அந்த நாவலின் ஒரு பகுதி முழுக்க முன்னிலையில், வாசகரைக் கூப்பிடுவது போலவே எழுதப்பட்டிருக்கிறது. மகனைப் பறிகொடுத்த தாயின் கதை அது. ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரே சொல். தமிழில் இதை 'நீ' என்பதா 'நீங்கள்' என்பதா என்று ஒருவர் கேட்டார், உடனே நான்கு பேர் ஒரு பத்தியை எடுத்து இரண்டு விதமாகவும் மொழிபெயர்த்துப் பார்த்தார்கள். 'நீங்கள்' போட்டால் துக்கம் விசாரிக்க வந்தவர் தள்ளி நின்று பேசுகிற மாதிரி இருந்தது. 'நீ' போட்டால் அவளை நன்றாகத் தெரிந்தவர், அவள் மறந்துவிட நினைப்பதையும் தெரிந்தவர் பேசுகிற மாதிரி இருந்தது. அப்படியானால் பேசுவது யார் என்ற கேள்வி தானாக எழுந்தது. அந்தக் கேள்விக்கான பதில் நாவலிலேயே இருக்கிறது, மறுபடியும் உடைக்க மாட்டேன். இந்த மூன்று நாவல் வரிசை 2016, 2017, 2018 என்று அடுத்தடுத்து ஹியூகோ பெற்றது. இரண்டாம் கூட்டத்தையும் இதற்கே ஒதுக்கினோம், அப்படியும் நேரம் போதவில்லை.

சூசனா கிளார்க்கின் 'பிரனேசி' பாதிப் பேருக்கு முதல் ஐம்பது பக்கம் தாண்டவில்லை. தாண்டியவர்கள் எல்லோரும் அதை ஒரு நண்பருக்காவது கொடுத்திருக்கிறார்கள். சிலைகள் நிறைந்த முடிவில்லாத மாளிகையில் கிடக்கும் எலும்புகளுக்கு, யாருடையவை என்றே தெரியாமல், ஒருவன் உணவும் அல்லி மலரும் கொண்டுபோய் வைக்கிறான், எனக்கு அந்தப் பக்கம் போதும். ஆன்டி வியரின் 'ப்ராஜெக்ட் ஹெய்ல் மேரி' பற்றிச் சண்டையே வரவில்லை, எல்லோருக்கும் அதில் வரும் ராக்கி என்ற பாத்திரத்தைப் பிடித்திருந்தது.

கடைசியாக சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. நம்மில் பலர் பள்ளிக்கூட நாட்களில் வாசித்தது. கதை நடக்கிற 2021, 2022 ஆண்டுகள் நம்மைக் கடந்து போய்விட்டன, இப்போது வாசித்தால் எப்படி இருக்கும் என்ற ஆசையில்தான் எடுத்தோம். சொன்ன கருவிகளில் எது வந்தது, எது வரவில்லை என்று சரிபார்ப்பதில் கொஞ்ச நேரம் போனது, அது எனக்கு அலுப்பாகவே இருந்தது. ஆனால் ஓர் உறுப்பினர் நிலா என்ற பெண் குழந்தை பெற்றுக்கொள்ள அரசின் அனுமதிக்குக் காத்திருக்கும் ஆரம்பப் பகுதியை வாசித்தார். சின்ன வயதில் ஜீனோ என்ற இயந்திர நாய் எப்போது வரும் என்று இந்தப் பக்கங்களைத் தள்ளிவிட்டு ஓடியவர்கள்தான் நாம் எல்லோரும், இன்றைக்கு அறையில் எல்லோரும் அங்கேயே நின்றுவிட்டோம். ஜீனோ மீதான பாசம் மட்டும் யாருக்கும் குறையவில்லை.

நிர்வாக விஷயங்கள் சில. புதிதாக மூன்று பேர் சேர்ந்திருக்கிறார்கள், வேலை காரணமாக ஒருவர் விலகினார். புத்தகப் பதிவேட்டை முறையாகப் பார்த்துக்கொள்ளும் துணைச் செயலாளருக்கு என் தனிப்பட்ட நன்றி. "பக்கத்தோடு வாருங்கள்" என்ற விதி புதியவர்களைப் பயமுறுத்துகிறது என்று ஒரு கருத்து வந்திருக்கிறது. முதல் இரண்டு கூட்டங்களுக்குப் புதியவர்கள் சும்மா கேட்டுக்கொண்டிருக்கலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது, உங்கள் ஒப்புதல் வேண்டும்.

வரும் ஆண்டின் முதல் நாவல் ஆக்டேவியா பட்லரின் 'கிண்ட்ரெட்' (1979). சுற்றறிக்கையில் கதையைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. 'பிரனேசி' பிரதி இன்னும் யாரிடமோ இருக்கிறது, இரண்டு பேர் காத்திருக்கிறார்கள், அடுத்த கூட்டத்துக்கு வரும்போது தயவுசெய்து கொண்டுவந்துவிடுங்கள்.

அன்புடன்,
செயலாளர்