தண்ணீர் வந்த அன்று நம் தையற்கடையில் நடந்தது

நம் கடைக்கு வரும் அம்மா, அக்கா, தங்கை எல்லாருக்கும் வணக்கம்.

புரட்டாசி கடைசிச் சனிக்கிழமை மத்தியானம் பெய்த மழை உங்களுக்கும் தெரியும். ஒரு மணி நேரம்கூட இருக்காது. இந்த மாதத்து இடிமழையே அப்படித்தான், கால்வாய் வாங்கி முடிப்பதற்குள் தாழ்வான தெருவில் தண்ணீர் ஏறிவிடும். வாசலில் பலகை வைப்பதற்குள் கடைக்கு முன்னால் இருக்கும் ஐந்தடிப்பாதையைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது, முழங்காலுக்கு ஒரு சாண் கீழே வரை.

இங்கே சிங்கப்பூரில் 1978 டிசம்பர் 2-ஆம் தேதி ஒரே நாளில் 512 மில்லிமீட்டர் கொட்டியபோது, என் மாமனார் துணியெல்லாம் மேசைமேல் அடுக்கிவிட்டு ராத்திரி முழுக்கக் கடையிலேயே உட்கார்ந்திருந்தாராம். அப்புறம் கால்வாய்களை அகலப்படுத்தினார்கள். 1970களில் 3,200 ஹெக்டேராக இருந்த வெள்ளப் பகுதி இன்று 30 ஹெக்டேருக்கும் குறைவு. அந்தத் தைரியத்தில்தான் அலமாரியின் கீழ்த்தட்டிலும் பைகளை வைத்தோம். அது எங்கள் தவறு.

இப்போது வாட்ஸ்அப்பில் சுற்றும் குரல் பதிவுக்கு வருகிறேன். 'சாக்கடைத் தண்ணீரில் ஊறிய பட்டுச்சேலையைத் துவைத்து, சொல்லாமல் கொடுத்துவிட்டார்கள்' என்று ஒரு சகோதரி பேசியிருக்கிறார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. சேலைகள் எல்லாமே மேலே கண்ணாடி அலமாரியில்தான் இருந்தன, ஒரு சேலையிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை, ஃபால்ஸ் தைக்க வந்த சேலை ஒவ்வொன்றையும் நானே பிரித்துப் பார்த்தேன். நனைந்தது கீழ்த்தட்டில் இருந்த 9 பைகள், அதில் பிளவுஸ் துணியும் லைனிங்கும் மட்டும். 8 பேருக்கு அன்று ராத்திரியே போன் பண்ணிச் சொன்னோம், புதுத் துணிக்கு நாங்களே பணம் கொடுத்தோம். ஒன்பதாவது பை அந்தச் சகோதரியுடையது. அவருடைய எண் நோட்டில் பேனா மையால் எழுதியிருந்தது, நனைந்து நீலக் கறையாகப் பரவிவிட்டது. லைனிங்கை மாற்றி வைத்திருந்தோம், அவர் வந்தால் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன், நான் இல்லாத நேரத்தில் வந்து வாங்கிப் போய்விட்டார், கவுன்டரில் இருந்த பிள்ளைக்கு விவரம் தெரியாது. சொல்லாமல் கொடுத்தது உண்மை, அதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். சேலை நனைந்தது என்பது உண்மையில்லை. தயவுசெய்து இரண்டையும் சேர்த்துச் சொல்லாதீர்கள்.

தையல் மெஷினில் மோட்டார் மேசைக்கு அடியில்தானே இருக்கும், மிதிகட்டை தரையில். ஆறு மெஷினில் நான்கு நின்றுபோயின. உரிமம் பெற்ற மின்பணியாளர் வந்து பார்த்துச் சரி என்று சொல்லும்வரை சுவிட்சைத் தொடக்கூடாது, அதனால் நான்கு நாள் கடை திறக்கவில்லை. எங்கள் காப்புறுதியில் வெள்ளம் சேரவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. இந்த நிலையில் செவ்வாய்க்கிழமை மூன்று அக்காமார் துடைப்பமும் வாளியுமாக வந்து நின்றார்கள். ஒருவர் வீட்டு மெஷினையே டாக்சியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார், 'தீபாவளி முடிஞ்சு கொடுங்க, போதும்' என்று. உங்களுக்கெல்லாம் எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை.

கீழ்த்தட்டை எடுத்துவிட்டோம். வாசலுக்குக் கழற்றி மாட்டும் வெள்ளத் தடுப்பு செய்யச் சொல்லியிருக்கிறோம். தண்ணீர் வாரியமான பியூபியின் டெலிகிராம் வெள்ள அறிவிப்பிலும் சேர்ந்திருக்கிறோம். ஐப்பசியிலிருந்து பிளவுஸ் தையல் கூலி 4 வெள்ளி கூடுதல். ஏற்கெனவே கொடுத்த ஆர்டர்களுக்குப் பழைய கூலிதான், எல்லாம் தீபாவளிக்கு முன் கைக்கு வந்துவிடும்.

ஒரே ஒரு உதவி. அளவு நோட்டில் பேனாவால் எழுதிய பக்கங்கள் எல்லாம் போய்விட்டன, மாமனார் காலத்தில் பென்சிலால் எழுதியவை மட்டும் அப்படியே இருக்கின்றன. அதனால் அடுத்த முறை வரும்போது உங்களுக்குச் சரியாகப் பொருந்தும் ஒரு பிளவுஸை எடுத்து வாருங்கள், அளவை மறுபடி எடுத்து, இந்த முறை பென்சிலாலேயே எழுதிவைக்கிறோம்.