மலை இல்லாத ஊரில் இரண்டு மலைகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த மாதம் எங்கள் பகுதிப் பள்ளி ஒன்றில், மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் குழந்தைகளுக்கு ஓவியப் போட்டி நடத்தினார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் டிராயிங் மாஸ்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் என்னையும் நடுவராக அழைத்திருந்தார்கள். தலைப்பு ‘எங்கள் ஊர்’. மேசையில் பரப்பியிருந்த தாள்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் ஒரே படம்தான் இருந்தது: முக்கோணமாக இரண்டு மலைகள், இடுக்கில் பாதிச் சூரியன், மலையிலிருந்து வளைந்து இறங்கும் ஆறு, ஒரு கூரை வீடு, ஒரு தென்னை, வானத்தில் நான்கைந்து பறவைகள். தஞ்சாவூரிலிருந்து கோடியக்கரை வரை நடந்தே போனாலும் ஒரு குன்று தட்டுப்படாத நாடு இது. சுவாமிமலைகூட அறுபது படி ஏறும் கட்டுமலைதான். அப்படியிருக்க, இந்தக் குழந்தைகளின் ஊருக்குள் இரண்டு மலைகள் எங்கிருந்து வந்தன?

மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் தாள் மட்டும் வேறாக இருந்தது. தாளின் முக்கால் பங்கு தண்ணீர். அதில் வரிசையாக ஐந்து அரைவட்டங்கள், ஒவ்வொன்றிலிருந்தும் கீழே நீளும் இரண்டு கைகள், ஓரத்தில் நாற்று முடிச்சுகள். நடவு நடும் பெண்களை வரப்பில் நின்று பார்த்தால் முதுகுதான் தெரியும். அவள் கண்டதைத்தான் வரைந்திருந்தாள். ‘ஆட்களுக்கு முகமே இல்லை, வண்ணமும் கோட்டை விட்டு வெளியே போயிருக்கிறது’ என்று மற்ற இரு நடுவர்களும் அதை ஒதுக்கிவிட்டார்கள். முதல் பரிசு மலைக்குப் போயிற்று. அன்று நான் அழுத்திப் பேசியிருக்க வேண்டும், பேசவில்லை. அந்த உறுத்தலில்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

குழந்தைகள் மீது குற்றமில்லை. கரும்பலகையில் ஆசிரியர் போடும் படத்தைப் பார்த்துப் போடுவதும், அச்சடித்த கோட்டுப் படத்துக்குள் வண்ணம் நிரப்புவதும்தான் சிறு வகுப்பில் ஓவியம் என்றாகிவிட்டது. கோட்டுக்குள் வண்ணம் தீட்டுவதால் விரல் பழகும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கே கண்ணுக்கு எந்த வேலையும் இல்லை. பார்க்க வேண்டியதை வேறொருவர் முன்பே பார்த்து, கோடாக்கிக் கொடுத்துவிட்டார். ஒரு மாம்பழத்தை ஐம்பது முறை பிறர் கோட்டில் நிரப்பிய குழந்தைக்கு, கையில் இருக்கும் மாம்பழத்தின் மூக்கு எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்பது தெரிவதில்லை.

மலையே வரையக் கூடாது என்று நான் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். தஞ்சைப் பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய உட்சுவரில், நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் மறைந்திருந்த சோழர் கால ஓவியங்களை 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அங்கே சுந்தரர் வெள்ளை யானை மீதும் சேரமான் பெருமாள் குதிரை மீதும் கயிலைக்குச் செல்கிறார்கள். வரைந்தவர் கயிலையைப் பார்த்திருக்க மாட்டார். ஆனால் யானையையும் குதிரையையும் பார்த்துப் பார்த்துப் பழகியவர் என்பதை அந்தக் கோடுகளே சொல்கின்றன. கண்டதை வரையப் பழகிய கைதான் காணாததையும் நம்பும்படி வரையும்.

இனி, பத்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அடிப்படை என்று எதைச் சொல்லித் தருவது என்ற கேள்விக்கு வருகிறேன். முதலில் வயதை அறிந்துகொள்ள வேண்டும். ஒன்றரை, இரண்டு வயதில் கிறுக்கல். மூன்று வயதையொட்டி வட்டம் மூடும். சதுரம் நான்கு வயதுக்கு மேல், முக்கோணம் ஐந்தையொட்டி வரும். மூன்று நான்கு வயதுக் குழந்தை, உடலே இல்லாமல் தலையிலிருந்து நேரே கால் முளைத்த மனிதனை வரையும். வீட்டில் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள், அல்லது அம்மா பென்சிலை வாங்கி ‘இப்படிப் போடு’ என்று வயிறு போட்டுத் தருவார். இரண்டும் வேண்டாம். அது பிழையன்று, பருவம், தானே கடந்துவிடும். அந்த வயதில் நாம் செய்ய வேண்டியதெல்லாம் பெரிய பரப்பும் சிறிய துண்டும் தருவதுதான்: தரை, சிலேட்டு, விரித்துப் போட்ட பழைய நாளிதழ், விரல் நுனியால் மட்டுமே பிடிக்க முடிகிற உடைந்த சாக்பீஸ் துண்டு, அடுப்புக்கரி. இருபத்துநான்கு வண்ணப் பெட்டி வாங்கித் தராத பெற்றோர் மனம் வருந்த வேண்டியதில்லை. என் அனுபவத்தில் அந்தப் பெட்டி நன்மையைவிடக் கெடுதலே அதிகம் செய்கிறது.

கோட்டுக்கு நம் வாசலைவிடச் சிறந்த பள்ளி இல்லை. ஏழு புள்ளி நான்கு வரை ஊடுபுள்ளி என்று பாட்டி சொல்லிக்கொண்டே வைக்கும்போது, நான்கு, ஐந்து, ஆறு, ஏழு, மறுபடி ஆறு, ஐந்து, நான்கு என்று முப்பத்தேழு புள்ளிகளைச் சம இடைவெளியில் நிறுத்தும் கண்ணளவு பேத்திக்கும் வந்துவிடுகிறது. பேரனையும் உட்கார வைக்கலாம், குடி ஒன்றும் முழுகிவிடாது. சிக்குக் கோலத்தில் இழை ஒவ்வொரு புள்ளியையும் சுற்றிக்கொண்டு தொடங்கிய இடத்துக்கே திரும்ப வேண்டும். கையை எடுக்காமல், அடுத்த வளைவை மனத்தில் வைத்துக்கொண்டு இழுக்கும் அந்தப் பழக்கத்தைத்தான் நாங்கள் அரசுத் தொழில்நுட்பத் தேர்வுக்காக ‘ஃப்ரீஹேண்ட்’ என்ற பெயரில் மாதக்கணக்கில் பயின்றோம். ஆனால் கோலம் விதிப்படி ஓடுவது. எதிரில் இருப்பதைப் பார்க்க அது கற்றுத் தராது. ஆகவே கோலத்தோடு நின்றுவிடக் கூடாது.

பார்க்கக் கற்றுத் தருவதற்கு இரண்டு கத்தரிக்காய் போதும். ஒன்றின் பின்னால் ஒன்றை, பாதி மறையும்படி வைத்து ஆறு வயதுக் குழந்தையிடம் வரையச் சொன்னால் பெரும்பாலும் இரண்டையும் முழுதாக, பக்கத்தில் பக்கத்தில் வரையும். இரண்டு காய் இருப்பது அதற்குத் தெரியும் அல்லவா? ‘தப்பு’ என்று சொல்லாமல், பின்னால் இருக்கும் காயின் விளிம்பை விரலால் தொடர்ந்துகொண்டே வா, எந்த இடத்தில் விரல் முட்டி நிற்கிறது என்று மட்டும் கேளுங்கள். விரல் நிற்கும் இடத்தில் கோடும் நிற்கும். அந்த நொடியில் குழந்தையின் முகத்தில் தெரியும் வியப்பைப் பார்ப்பதற்காகவே நான் இத்தனை ஆண்டுகள் வாத்தியாராக இருந்தேன் என்று சொல்லலாம். ஒளி நிழலுக்கும் இதே எளிமைதான்: மாலை நான்கு மணிக்குச் சன்னலோரத்தில் ஒரு மண்பானை, கையில் கரி, பாதி மூடிய கண்கள்.

வண்ணத்துக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை ஆகிய நான்கு மட்டும் கொடுத்து வயலுக்கு அழைத்துச் செல்லுங்கள். நாற்றங்காலின் பச்சை வேறு, தூர் கட்டிய பயிரின் பச்சை வேறு, வாழைக் குருத்து வேறு, வரப்பில் காயும் புல் வேறு. மஞ்சளையும் நீலத்தையும் அளவு மாற்றிக் கலந்து, தேவைப்பட்டால் துளி சிவப்பால் மங்கவைத்து, பத்துப் பச்சைகள் செய்து வரச் சொன்னால் அந்த ஒரு பாடத்துக்கே ஒரு மாதம் போதாது. ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதைக் காட்டி, ‘அப்படியானால் மஞ்சளும் வெள்ளையும் கலந்தால் சிவப்பா சார்?’ என்று ஒரு சிறுவன் என்னைக் கேட்டான். அது வண்ணக் கலவை அன்று, வேதி மாற்றம் என்று விளக்க எனக்கு அரைமணி நேரம் பிடித்தது. அவ்வளவு நல்ல கேள்வியை அச்சுப் புத்தகத்தில் வண்ணம் தீட்டியவர் எவரும் என்னிடம் கேட்டதில்லை.

அளவுகளைப் பொறுத்தவரை, வாய்ப்புள்ளவர்கள் குழந்தைகளைச் சுவாமிமலையில் சிலை வார்க்கும் ஸ்தபதிகளின் பட்டறைக்கு ஒருமுறை அழைத்துச் செல்ல வேண்டும். மெழுகில் செய்த உருவத்தின் மேல் காவிரியின் வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். அளப்பதற்கு அவர்களுடைய கருவி தென்னை ஓலைக் கீற்றுதான். உருவத்தின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்துப் பகுத்துக்கொள்ளும் அதை ஒடியோலை என்பார்கள். முதன்மைத் தெய்வங்களுக்குரிய அளவுமுறையான உத்தம தசதாளத்தில் உயரம் 124 அங்குலம். அந்த அங்குலம் கடை அளவுகோலின் அங்குலம் அன்று, அந்தந்த உருவத்தைப் பகுத்தே பெறப்படுவது. ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டு அளப்பது என்ற இந்தக் கருத்தை எட்டு வயதுக் குழந்தை எளிதில் பிடித்துக்கொள்ளும். ஓர் ஓலைத் துண்டைத் தலையின் நீளத்துக்கு மடித்துக் கொடுத்து, அப்பாவின் உடல் எத்தனை தலை, தொட்டிலில் கிடக்கும் தம்பி எத்தனை தலை என்று அளக்கச் சொல்லுங்கள். அப்பா ஏறத்தாழ ஏழரை, தம்பி ஏறத்தாழ நான்கு. பாப்பாவைச் சின்ன அப்பாவாக வரையும் வழக்கம் அன்றோடு நிற்கும்.

இவற்றைச் செய்ய ஆள் வேண்டாமா என்று கேட்பார்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, கலைக் கல்விக்கான பகுதிநேரப் பயிற்றுநரை ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு, அதிலும் நூறு குழந்தைகளுக்கு மேல் படிக்கும் பள்ளிகளுக்கே குறிப்பிடுகிறது. அதையொட்டித் தமிழ்நாட்டில் 2012-இல் ஓவியம், உடற்கல்வி உள்ளிட்ட பாடங்களுக்குப் பகுதிநேர ஆசிரியர்கள் 16,549 பேர் அமர்த்தப்பட்டார்கள். வாரத்துக்கு மூன்று அரைநாள், தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய். கண்ணும் கையும் முதன்முதலாகப் பழகும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை ஓவியத்துக்கென்று ஆள் இல்லை. இருக்கும் ஓவியப் பாடவேளையும் அவ்வப்போது கணக்குப் பாடத்துக்குக் கடன் போகும். அந்தக் கடன் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. 2022-இல் தொடங்கி அரசு நடத்திவரும் கலைத் திருவிழா வரவேற்கத்தக்கதுதான், ஆனால் மேடை ஏற்றுவதற்கு முன் பயிற்சி வேண்டும். கும்பகோணத்தில் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. அங்கே படித்து வெளிவரும் இளைஞர்களில் இருந்து, அருகருகே உள்ள பள்ளிகளை ஒன்றுசேர்க்கும் குறுவள மையத்துக்கு ஒருவராக அமர்த்தினால், அவர் வாரம் ஒருமுறையாவது ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் சென்று வர முடியும். புதிய கட்டடமோ கருவியோ இதற்குத் தேவையில்லை.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. தங்கள் நாளிதழின் சிறுவர் பகுதியில் வாரந்தோறும் ‘வண்ணம் தீட்டுக’ என்று ஒரு கோட்டுப் படம் வெளிவருகிறது. சென்ற வாரம் வந்ததிலும் மலை இருந்தது. ஒரே ஒரு வாரம் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு, ‘உங்கள் வீட்டுக் கொல்லையில் இப்போது என்ன தெரிகிறது?’ என்ற ஒரு வரியை மட்டும் மேலே அச்சிட இயலுமா? வந்து சேரும் படங்களைப் பார்த்துத் தேர்ந்து கொடுக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன். முகம் இல்லாத ஆட்களையும் ஒதுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர்,
திருவாரூர் மாவட்டம்.